எத்தனை குதிரை என்று மட்டும் கேட்காதீர்கள், கியர் எத்தனை என்றும் கேளுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. போட் வைத்திருப்பவர்களும் போட்டுக்குப் போகிறவர்களும் முழுவதும் வாசியுங்கள். மற்றவர்கள் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் கடலுக்குப் போகும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எமது கரையில் ஒரு ஆழ்கடல் போட்டுக்கு எஞ்சின் மாற்றினால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தின குதிர போட்டிருக்கீங்க காக்கா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "என்ன விலைக்கு எடுத்தீங்க?" கியர்பொக்ஸ் எத்தனைக்கு எத்தனை, புரொப்பெலர் எத்தனை இஞ்சி என்று கேட்பவரைக் காண்பது அரிது. அந்த இரண்டு கேள்விகளையும் கேட்காததால் எமது மக்களின் பணம் ஒவ்வொரு பயணத்திலும் கடலில் கரைகிறது என்பதுதான் என் கருத்து.

கரைவது முதலாளியின் பணம் மட்டுமல்ல. எமது தொழிலில் பங்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். டீசல், ஐஸ், சாப்பாடு, இரை எல்லாச் செலவையும் முதலில் கழித்து, மிஞ்சியதைத்தான் முதலாளிக்கும் ஆட்களுக்கும் பிரிக்கிறோம். ஆகவே தவறான கியரைத் தெரிவு செய்தவர் ஒருவர், அதற்கான டீசலைக் கொடுப்பவர்கள் நான்கைந்து குடும்பங்கள். வாப்பா வெறுங்கையோடு கரைக்கு வந்தால் பிள்ளையின் வரவு இடாப்பில் அது தெரியும். ஆசிரியராக இருப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2022இன் தொடக்கத்தில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபாய். அதே ஆண்டு ஜூன் கடைசியில் 460 ரூபாய். மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 87இலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. அதன் பிறகு விலை ஏறி இறங்கினாலும் பழைய காலம் திரும்பி வரவில்லை. டீசல் மலிவாக இருந்தபோது கணக்குப் பார்க்காமல் எஞ்சின் போட்டது தாங்கியது. இனித் தாங்காது.

*வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது*

எமது ஆழ்கடல் போட்கள் ஸ்பீட் போட் போல நீருக்கு மேலே எழும்பி ஓடுவதில்லை, நீரை விலக்கிக்கொண்டு ஓடுகின்றன. இப்படி ஓடும் போட் தன் முன்னால் ஒரு அலையை உண்டாக்கும். வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அலையின் நீளமும் போட்டின் நீளமும் சமமானவுடன், போட் தான் உண்டாக்கிய அலையின் மேல் தானே ஏற வேண்டிய நிலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் எத்தனை குதிரை போட்டாலும் டீசல்தான் எரியும், வேகம் சொற்பமாகத்தான் கூடும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நீர்மட்டத்தில் போட்டின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 36 அடி என்றால் வர்க்கமூலம் 6. விடை ஏறத்தாழ 8 நொட். அதுதான் அந்த போட்டின் இயற்கையான எல்லை.

அதே 36 அடி போட் ஐஸ், டீசல், வலை, மீன் எல்லாம் சேர்த்து 15 தொன் என்று வைத்துக்கொள்வோம். அமைதியான கடலில் அதை 7 நொட்டில் ஓட்டச் சுமார் 43 குதிரைவலு போதும். 8 நொட்டுக்குச் சுமார் 66. 9 நொட்டுக்கு 90ஐத் தாண்டிவிடும். இவை படகுக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரத்தில் வரும் மதிப்பீடுகள், உங்கள் போட்டின் வடிவத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும். ஆனால் போக்கு மாறாது.

ஒரு டீசல் எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு ஒரு மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட கால் லீற்றர் எரிக்கும். போக 300, வர 300 கடல் மைல் ஓடுவதாகக் கணக்குப் பாருங்கள். 7 நொட்டில் ஓடினால் சுமார் 920 லீற்றர். 8 நொட்டில் ஓடினால் சுமார் 1,235 லீற்றர். 315 லீற்றர் கூடுதலாக எரித்து மிச்சம் பிடித்தது 11 மணித்தியாலத்துக்கும் குறைவு. அந்த 11 மணித்தியாலத்தில் மீனின் விலை அவ்வளவு கூடுமா என்பதை ஒவ்வொரு பயணத்திலும் யோசித்துப் பார்க்க வேண்டும். சில நாள் கூடும். பல நாள் கூடாது.

ஆகவே இந்த போட்டுக்குத் தொடர்ந்து 80 குதிரைவலு தரக்கூடிய எஞ்சின் போதும். எதிர்க்காற்றுக்கும் எதிர் நீரோட்டத்துக்கும் ஒதுக்கிய பங்கும் அதற்குள் அடங்கும். "தொடர்ந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். லொறியில் இருந்து கழற்றி வரும் பாவித்த எஞ்சினின் தகட்டில் இருக்கும் எண், அது ஏற்றத்தில் கொஞ்ச நேரம் தரும் உச்ச வலு. கடலில் எஞ்சின் நாள் கணக்கில் நிற்காமல் ஓடும். அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

*கியர் என்ன செய்கிறது?*

சைக்கிளில் பின்னால் ஒரு மூட்டை அரிசியை வைத்துக்கொண்டு பாலத்தில் ஏறும்போது கியரைக் குறைப்போம். கால் அதே வேகத்தில் மிதிக்கும், சில்லு மெதுவாகச் சுற்றும், ஆனால் இழுவை கூடும். போட்டிலும் அதேதான். எஞ்சின் 2,800 சுற்று சுற்றும்போது 2:1 கியர் என்றால் சாப்ட் 1,400 சுற்று. 3:1 என்றால் ஏறத்தாழ 930. 4:1 என்றால் 700.

சாப்ட் மெதுவாகச் சுற்றினால் பெரிய புரொப்பெலர் போடலாம். 80 குதிரைவலுவுக்கு, பழைய சூத்திரம் ஒன்றின்படி, 2:1 கியரில் சுமார் 20 இஞ்சி, 3:1இல் சுமார் 25 இஞ்சி, 4:1இல் சுமார் 30 இஞ்சி வரும். 20 இஞ்சியையும் 30 இஞ்சியையும் ஒப்பிட்டால், பின்னது இரண்டு மடங்குக்கும் கூடுதலான நீரைப் பிடித்துத் தள்ளுகிறது. களப்பில் தோணி வலிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அகலமான துடுப்பால் மெதுவாக வலித்தால் தோணி நகரும். கம்பால் வேகமாக அடித்தால் தண்ணீர்தான் தெறிக்கும். பாரமான போட்டுக்குப் பெரிய புரொப்பெலரை மெதுவாகச் சுற்றுவதுதான் சிக்கனம். சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சேமிப்புப் பற்றி ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2012இல் வெளியிட்ட கைநூலும் இதையே வலியுறுத்துகிறது. வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், புரொப்பெலரைப் பெரிதாக்கி மெதுவாகச் சுற்றவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

எமது கரையில் நடக்கும் மிகப் பெரிய பிழை இதுதான். பழைய எஞ்சின் 1,800 சுற்று, கியர் 2:1, ஆகவே புரொப்பெலர் 900 சுற்றுக்கு அளவானது. அது பழுதாகி, 2,800 சுற்று எஞ்சின் ஒன்று வருகிறது. கியர் மீண்டும் 2:1, ஏனென்றால் கடையில் அதுதான் இருந்தது. புரொப்பெலரும் பழையதே, ஏனென்றால் அது நல்லாத்தானே இருக்கிறது. இப்போது அந்தப் புரொப்பெலரை 1,400இல் சுற்ற வேண்டும். புரொப்பெலர் கேட்கும் வலு சுற்றின் முப்படியாகக் கூடும். அதாவது முன்பு கேட்டதைவிட 3.7 மடங்குக்கும் மேல். எந்த எஞ்சினும் இதைக் கொடுக்காது. ஆகவே 2,800இல் ஓட வேண்டிய எஞ்சின் 2,000க்குக் கொஞ்சம் மேலேயே மூச்சுத் திணறி நிற்கும். கரும்புகை வரும், சூடு ஏறும், வால்வு கருகும். பிறகு "அந்த எஞ்சின் சரியில்ல மச்சான்" என்ற பேச்சு. எஞ்சினில் பிழையில்லை. 3:1 கியர் போட்டிருந்தால் அதே பழைய புரொப்பெலர் கிட்டத்தட்ட அதே சுற்றில் சுற்றியிருக்கும்.

*வாங்கப் போகும் முன் அளக்க வேண்டியவை*

1. முதலில் எஞ்சினைப் பார்க்காதீர்கள். போட் தரையில் ஏற்றியிருக்கும்போது, புரொப்பெலர் சுற்றும் இடத்தின் உயரத்தை அளவுங்கள். இதழின் நுனிக்கும் போட்டின் அடிக்கும் இடையில் புரொப்பெலர் விட்டத்தின் 10 முதல் 15 சதவீதம் வரை இடைவெளி வேண்டும். 25 இஞ்சிப் புரொப்பெலருக்கு மேலே மூன்றரை இஞ்சி அளவு. இது இல்லாவிட்டால் போட் அதிரும். அந்த இடத்தில் எவ்வளவு பெரிய புரொப்பெலர் நிற்குமோ, அதற்கேற்ற கியரைத்தான் தேட வேண்டும்.

2. எமது பகுதியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒலுவில் துறைமுக வாயில் மணல் மூடும் கதை எல்லோருக்கும் தெரியும். புரொப்பெலர் கீலுக்குக் கீழே இறங்கினால் முதல் மணல் திட்டிலேயே இதழ் வளையும். இடம் இல்லாத போட்டுக்கு 4:1 ஆசைப்படக்கூடாது.

3. சாப்ட். 2:1இலிருந்து 3:1க்குப் போனால், அதே எஞ்சினில் சாப்டில் விழும் முறுக்கு விசை ஒன்றரை மடங்காகும். பழைய மெல்லிய சாப்ட் தாங்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். நடுக்கடலில் சாப்ட் முறிந்தால் எஞ்சின் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை.

4. சுற்றும் பக்கம். சில கியர்பொக்ஸ்கள் எஞ்சின் சுற்றும் பக்கமே சாப்டைச் சுற்றும், சில எதிர்ப்பக்கம். பக்கம் மாறினால் பழைய புரொப்பெலர் உதவாது.

5. சுற்றுமானி. இது இல்லாமல் எஞ்சின் பொருத்த விடாதீர்கள். முழுப் பாரத்தோடு, முழு த்ரொட்டிலில் ஓட்டிப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன சுற்றை எஞ்சின் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் புரொப்பெலர் பாரம் கூட. இலேசாகத் தாண்டிப் போனால் புரொப்பெலர் போதாது. வெறும் போட்டில் பார்த்துவிட்டு "சுப்பர்" என்று காசைக் கொடுத்துவிடக்கூடாது. ஐஸும் டீசலும் ஏற்றிய பிறகுதான் உண்மை தெரியும்.

*"புயல் வந்தால் ஓடித் தப்ப வேணாமா?"*

பெரிய எஞ்சின் வேண்டும் என்பவர்கள் சொல்லும் நியாயம் இது. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி, அலட்சியமாகப் பதில் சொல்லக்கூடாது. ஆனால் கடல் கொந்தளிக்கும்போது எந்த ஆழ்கடல் போட்டும் 9 நொட்டில் ஓடுவதில்லை. எதிரலையில் 3, 4 நொட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. அந்த நேரத்தில் தேவை இழுவை. மெதுவாகப் போகும்போது கூடுதல் இழுவை தருவது பெரிய புரொப்பெலரும் ஆழமான கியரும். சின்னப் புரொப்பெலரை வேகமாகச் சுற்றும் 150 குதிரை, எதிரலையில் நுரையைத்தான் கிளப்பும். தவிர, பாரம் தாங்காமல் சூடாகிப் பழகிய எஞ்சின் நின்றுபோக அதிக வாய்ப்புள்ள நேரமும் அதுதான். எஞ்சின் நின்ற போட் எங்கே போய்ச் சேரும் என்று காத்திருந்த வீடுகள் எமது கரையோர ஊர்களில் இருக்கின்றன.

*இனி என்ன செய்யலாம்?*

ஒரு போட்டுக்கு எஞ்சின் மாற்றுவது நகையை அடகு வைத்து, கடன் எடுத்து, ஆண்டுக்கணக்கில் கட்டும் காரியம். ஒரு கொப்பித் தாளில் முடியும் கணக்கைப் போடாமல் அதில் இறங்குவது எந்த வகையில் நியாயம்?

எமது பாடசாலைகளில் பற்சில்லு விகிதம் படிப்பிக்கிறோம். 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் பொறியியல் தொழினுட்பவியல் ஒரு பாடமாகவே இருக்கிறது. ஆனால் பிள்ளை பரீட்சையில் விடை எழுதுகிறான், அவனுடைய வாப்பா கரையில் அதே கணக்குத் தெரியாமல் ஏமாறுகிறார். இந்தப் பிள்ளைகளைக் கொண்டே ஊரிலுள்ள ஒவ்வொரு போட்டுக்கும் நீளம், பாரம், எஞ்சின் சுற்று, கியர், புரொப்பெலர் அளவு எழுதிய ஒரு பதிவேடு செய்யலாம். சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒருவரை அழைத்து அந்தப் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொல்லலாம்.

மீனவர் சங்கங்கள் ஒரு நல்ல சுற்றுமானியைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். ஒரு பயணத்தில் வீணாகும் டீசலின் விலைக்கு முன்னால் அது பெரிய செலவல்ல.

முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சின் வாங்கப் போகும்போது தண்டேலையும் எஞ்சின் பார்க்கும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டீசலில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, தீர்மானத்தில் ஏன் இல்லை?

விற்பவரிடம் "எத்தனை குதிரை?" என்று கேட்டுவிட்டு, "இந்த கியரில் என் சாப்ட் எத்தனை சுற்று சுற்றும்? என் போட்டுக்கு எத்தனை இஞ்சிப் புரொப்பெலர் வரும்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் அன்றைக்குக் காசைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.

அனுபவமுள்ள தண்டேல்மார், மெக்கானிக்மார் கீழே உங்கள் போட்டின் நீளம், எஞ்சின், கியர், புரொப்பெலர், 100 கடல் மைலுக்கு எரியும் டீசல் ஆகியவற்றை எழுதுங்கள். நான் சொன்னதில் உங்கள் அனுபவத்துக்கு மாறானது இருந்தால் அதையும் எழுதுங்கள். பதிவேட்டை இங்கிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.