ஸ்பிட்ஃபயருக்கு மாலை, ஹெரால்டுக்குக் காயலான் கடை!

"புதுப்பித்த விண்டேஜ் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், அசல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், விற்பனைக்கு" என்று விளம்பரம் வந்தால் போதும், நம்ம ஆட்கள் வாயைப் பிளக்கிறார்கள். (விண்டேஜ் என்றால் 1930-க்கு முந்தியது ஐயா. ஸ்பிட்ஃபயர் பிறந்ததே 1962-ல்.) அதன் அடியில் இருப்பது என்ன? ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கியதுதான். முன்பக்க சஸ்பென்ஷனும் ஹெரால்டுடையதே. இரண்டையும் வரைந்தவர் ஒரே இத்தாலிக்காரர், மிச்செலோட்டி. இரண்டிலும் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும்.

அந்த ஹெரால்டை 1961 முதல் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் நம்மவர்கள் செய்தார்கள். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் உண்டு. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். யானைக்கவுனிச் சந்துகளில் அம்பாசடரை முன்னும் பின்னும் இழுத்துத் திண்டாடியவர்களுக்கு அந்த அருமை தெரியும். அதைத்தான் 'தகர டப்பா' என்று புதுப்பேட்டைக்குத் தள்ளினோம். தம்பிக்கு லட்சங்கள், அண்ணனுக்கு இரும்பு எடைவிலை. என்ன நியாயம்?

இன்னொன்று. அந்த ஸ்பிட்ஃபயரைத் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து ஓட வைத்த டிங்கர், மெக்கானிக் பெயர் விளம்பரத்தில் ஏன் இல்லை?

உங்கள் ஷெட்டில் இன்னும் ஒரு ஹெரால்டு தூங்குகிறதா? முதலில் டிங்கரைக் கூப்பிடுங்கள். காயலான் கடைக்காரர் காத்திருக்கட்டும்.