நகர்காண் செலவு

செலவு என்னும் சொல் பண்டைத் தமிழில் பயணத்தைக் குறித்தது. இக்காலத்தில் அது கைப்பொருள் குறைதலைக் குறிக்கும் சொல்லாக வழங்குகின்றது. சிற்றூரிலிருந்து முதன்முறையாகப் பெருநகர் காணப் புறப்படும் குடும்பத்திற்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும். பல திங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் சனி, ஞாயிறு ஆகிய இரண்டே நாளில் கரைந்துவிடும். அப்பணத்திற்கு ஈடாக வீடு வந்து சேர்வது யாது? கால்வலியும் உறக்கக் கலக்கமும் மட்டுமா? வாழ்நாள் முழுதும் நெஞ்சில் நிற்கும் சில காட்சிகளா? இதனைப் புறப்படுமுன் முடிவு செய்துகொள்வதே அறிவுடைமையாகும்.

நகர் காணச் செல்வோர் முன்னறிந்து செல்லவேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொருவனுக்குச் செல்லும் வழியும், வழியிடை ஊர்களும், ஆங்காங்குக் கிடைக்கும் உணவும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், வழியில் நேரக்கூடிய இடர்களையும் விரித்துக் கூறுகின்றது. சிலப்பதிகாரத்தில் மதுரையை அடைந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் இருத்தி, முதலில் தான் மட்டும் நகருள் சென்று அதன் வீதிகளைக் கண்டு மீள்கின்றான். அதனைக் கூறும் பகுதிக்கு ஊர்காண் காதை என்பதே பெயர். கண்டவரைக் கேட்டறிந்து செல்லுதலும், சென்று நின்று காணுதலும் முன்னோர் கைக்கொண்ட முறைகளாம்.

இக்காலத்தார் பலர் இம்முறையை மறந்து, எல்லாவற்றையும் கண்டுவிட வேண்டும் என்னும் பேராசையோடு புறப்படுகின்றனர். சென்னைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலையில் வண்டலூர் உயிரியற் பூங்கா, மாலையில் தியாகராயநகர்க் கடைவீதி, மறுநாட் காலையில் மாமல்லபுரம், மாலையில் கடற்கரை என்று அவர்கள் திட்டம் வகுக்கின்றனர். தாளில் எழுதும்போது இஃது எளிதாகவே தோன்றும். ஆயின், வண்டலூர் நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாமல்லபுரமோ 50 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. உண்ணுதற்கும் இளைப்பாறுதற்கும் உரிய நேரம் போக எஞ்சும் பகற்பொழுதில் பெரும்பகுதி பேருந்துகளிலேயே கழிந்துவிடும். பல்லவர் செதுக்கிய பாறையின் எதிரே நின்று, “வண்டிக்கு நேரமாயிற்று, வா!” என்று பிள்ளையின் கையைப் பற்றி இழுக்கும் நிலையே அதன் முடிவு. இத்தகைய பயணத்தில் கண் காணும், கருத்துக் காணாது.

“இத்துணைப் பொருள் செலவிட்டு வந்தபின் சிலவற்றை விட்டுச் செல்லலாமா? மீண்டும் எப்போது வரப்போகின்றோம்?” என்று பெரியோர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், விருந்தில் இருபது வகை உணவு பரிமாறப்பெற்றாலும் வயிறு ஏற்பது ஓரளவேயன்றோ? அளவு கடந்து உண்டவன் எந்தச் சுவையையும் நினைவிற் கொள்வதில்லை. இரண்டு நாளில் இரண்டு பகுதிகளை மட்டும் தேர்ந்து, அவற்றைக் கால்நடையாகவே சுற்றிக் காண்பவன், நகரத்தின் ஒரு பகுதியையேனும் உண்மையில் அறிந்தவனாவான். விட்டவற்றை மற்றொரு முறை காணலாம் என்னும் ஆவலும் அவனுக்கு உண்டாகும்.

தேர்ந்தெடுப்பதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். பெருநகரை முதலிற் காணும் சிற்றூர் மாணவன் உள்ளத்தில் இரண்டு தீங்குகளுள் ஒன்று முளைப்பதுண்டு. “இந்நகரம் எங்கே, என் ஊர் எங்கே!” என்னும் தாழ்வெண்ணம் ஒன்று. “இந்த இரைச்சலும் புகையும்தாமா நகரம்!” என்னும் இகழ்ச்சி மற்றொன்று. வானளாவிய கட்டடங்களையும் ஒளிவீசும் கடைகளையும் மட்டும் கண்டு திரும்புவோர்க்கு இவ்விரண்டில் ஒன்று நேர்வது இயல்பு. கடையில் விலை கொடுப்பவனே மதிக்கப்பெறுவான். கொடுக்க இயலாதவன் அயலானாய் நிற்பான். ஆதலின், முதற்பயணம் எல்லார்க்கும் பொதுவான இடங்களை நோக்கியே அமைதல் வேண்டும். நகரம் சிற்றூர்களால் ஆனது என்னும் உண்மையை அவ்விடங்கள் தெளிவாகக் காட்டும்.

சனிக்கிழமைக்கு எழும்பூர் ஒன்றே போதும். தென்மாவட்டங்களிலிருந்து வரும் இரயில் வண்டிகள் பல இங்கு வந்து நிற்கின்றன. நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பாந்தியன் சாலையில், 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகம் இருக்கின்றது. சிறு கட்டணம் செலுத்தி எவரும் உள்ளே செல்லலாம். கிருட்டிணை ஆற்றங்கரையிலிருந்த அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பங்கள் இங்கு உள்ளன. அவற்றினும் தமிழ் மாணவர் பெரிதும் போற்றிக் காணவேண்டியவை சோழர்காலச் செப்புத் திருமேனிகளாம். திருவெண்காட்டிற் கிடைத்த அர்த்தநாரீசுவரர் வடிவத்தில் ஒருபாதி ஆணின் உறுதியும் மறுபாதி பெண்ணின் நெகிழ்வும் ஓருருவாய் இசைந்து நிற்கின்றன. திருவாலங்காட்டு ஆடவல்லான் வடிவத்தில் ஆட்டத்தின் விரைவும் முகத்தின் அமைதியும் ஒருங்கே தோன்றுகின்றன. இவற்றை முன்புறம் மட்டும் நோக்கி அகலாமல், இடம் கிடைக்குமேல் பக்கத்தினும் பின்புறத்தினும் நின்று காணுதல் நன்று. முதுகின் வளைவிலும் விரல்களின் அமைப்பிலும் சிற்பியின் உழைப்பு விளங்கும்.

இத்திருமேனிகள் வந்த வரலாறு அவற்றின் அழகினும் சிந்தைக்குரியது. கிணறு தோண்டும்போதும் கோயிலைச் செப்பனிடும்போதும் நிலத்தடியிலிருந்து வெளிப்படும் பழம்பொருள்களை அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின் விதி. அவ்வாறு வெளிப்பட்ட திருமேனிகள் பல அருங்காட்சியகத்தை அடைந்தன. திருவெண்காடும் திருவாலங்காடும் பெருநகரங்கள் அல்ல. வயல் சூழ்ந்த ஊர்களின் மண் காத்துவைத்த செல்வமே இன்று நகரின் நடுவே உலகோர் வந்து காணும் செல்வமாக நிற்கின்றது. அதன்முன் நிற்கும் சிற்றூர் மாணவன் அயலான் அல்லன்; தன் உறவினரைக் காண வந்தவனே ஆவான்.

அருங்காட்சியகத்தை அடுத்து, 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா பொதுநூலகம் விளங்குகின்றது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைப் பதிப்பாளர் இந்நூலகத்திற்கு அனுப்புதல் வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. நாட்டில் இவ்வுரிமை பெற்ற நூலகங்கள் நான்கே. படிப்போர் அமர்ந்திருக்கும் கூடத்தின் அமைதியைச் சிறிது நேரம் கண்டு மீள்வதும் ஒரு கல்வியாகும். கல்லூரிப் படிப்பை நாடி மீண்டும் சென்னைக்கு வரக்கூடிய மாணவனுக்கு, ‘இந்தக் கதவு எனக்கும் திறந்திருக்கின்றது’ என்னும் துணிவு அங்கே பிறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மெரினாக் கடற்கரைக்குச் செல்லுதல் வேண்டும். கிழக்குக் கடலாதலின் கதிரவன் நீரிலிருந்து எழுவதை அங்குக் காணலாம். காலைக் குளிர்ச்சியில் நடப்பதும் எளிது. ஆனால், அலையும் நீரோட்டமும் வலியன. அக்கடலில் இறங்கிக் குளித்தல் உயிர்க்கு ஊறு விளைக்கும். கரையிலிருந்து காண்பதே தக்கது. கடற்கரைச் சாலையின் வடபகுதியில், சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி அமைத்து 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை உள்ளது. நால்வர் தம் வலிமை முழுதும் செலுத்திப் பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்கும் காட்சி அது. நகரத்தின் மாளிகைகளைக் கண்டு வியப்பவன், அவற்றை எழுப்பிய கைகளையும் எண்ணிப் பார்க்கும்படி அது செய்கின்றது.

அங்கிருந்து தெற்கு நோக்கி நடப்போர், 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற சான்றோர் சிலைகளைக் காண்பர். வள்ளுவரும் ஔவையும் இளங்கோவும் கம்பரும் நிற்கும் அவ்வரிசையில், கடல் கடந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவரும் போப்பும் கால்டுவெல்லும் நிற்கின்றனர். எதிரேயுள்ள மாநிலக் கல்லூரியில் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் சிலை கடலை நோக்கி நிற்கின்றது. அவர் 1855இற் பிறந்தவர்; உத்தமதானபுரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் இருந்த காலத்தில், விடுமுறை நாள்களிற் சென்னைக்கு வந்து தங்கி, சீவகசிந்தாமணியை அச்சேற்றும் பணியில் ஈடுபட்டார். 1887இல் அந்நூல் வெளிவந்தது. விடுமுறையில் நகருக்கு வந்தோர் எண்ணற்றவர். நோக்கத்தோடு வந்த ஒருவரால் அழிவின் விளிம்பில் நின்ற தமிழ்நூல்கள் உயிர்பெற்றன.

கடற்கரையை ஒட்டியே திருவல்லிக்கேணி இருக்கின்றது. அங்குள்ள பார்த்தசாரதி கோயிலிற் பல்லவர் காலத்துக் கல்வெட்டு உண்டு. ஆங்கிலேயர் சென்னையிற் கோட்டை கட்ட இடம்பெற்றது 1639ஆம் ஆண்டிலாகும். கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திருவல்லிக்கேணி ஓர் ஊராக விளங்கியது என்பது இதனாற் பெறப்படும். மயிலாப்பூர், எழும்பூர், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு என்னும் பெயர்களை நோக்குக. ஊரும் பாக்கமும் பட்டும் சிற்றூர்களின் பெயரீறுகளே. இன்றைய மாநகரம், அடுத்தடுத்திருந்த ஊர்கள் ஒன்றாய் இணைந்ததன் பயனாகும். கோயிலின் அருகே பாரதியார் தம் இறுதிக்காலத்தில் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக விளங்குகின்றது. எட்டயபுரத்திற் பிறந்து, 1904இல் சென்னைக்கு வந்து பத்திரிகைப் பணி ஏற்ற அப்பெருமகனார், 1921இல் இவ்விடத்திலேயே மறைந்தார். அவ்வீட்டோடு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நிறைவு செய்யலாம். இரவு வண்டி ஏறினால் திங்கட்கிழமை காலையில் ஊர் சேரலாம்.

இங்ஙனம் செல்லுதற்குச் சில முன்னேற்பாடுகள் வேண்டும். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பெறும். ஒவ்வோரிடத்திற்கும் விடுமுறை நாளும் திறக்கும் நேரமும் உண்டு. அவற்றைக் கேட்டறியாமற் சென்றால் பூட்டிய கதவையே காண நேரும். பேருந்திற் செல்வோர், தென்மாவட்டப் பேருந்துகள் 2023ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் நிலையத்தில் நின்றுவிடும் என்பதை அறிந்து, அங்கிருந்து எழும்பூர் செல்லுதற்குரிய நேரத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும். தங்குமிடத்தை முன்னரே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பணத்தை ஒரே பையில் வையாமல் இருவர் பகிர்ந்து வைத்துக்கொள்ளுதல் நன்று. கூட்டத்திற் பிரிந்தால் எவ்விடத்தில் மீண்டும் கூடுவது என்பதைச் சிறுவர்க்கும் சொல்லி வைத்தல் வேண்டும். தங்குமிடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவரும் வைத்திருத்தல் வேண்டும்; கைப்பேசியின் மின்னாற்றல் தீர்ந்த வேளையில் அத்தாளே துணையாகும்.

இத்திட்டத்தை வகுப்பதில் வீட்டிலுள்ள எல்லார்க்கும் பங்கு வேண்டும். தந்தை முடிவு செய்ய மற்றவர் பின்தொடர்வது முறையன்று. பாட்டியார்க்குக் கோயில் விருப்பமாகலாம். தங்கைக்குக் கடல் விருப்பமாகலாம். தாயார்க்குச் சிறிது நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதே விருப்பமாகலாம். ஒவ்வொருவர் விருப்பத்திலும் ஒன்றேனும் நிறைவேறுமாறு அமைப்பதே நல்ல திட்டம். ஓய்வுக்கென ஒதுக்கிய நேரத்தை வீண் என்று எண்ணுதலும் கூடாது.

“அருங்காட்சியகத்தையும் கடலையும் கைப்பேசித் திரையிலேயே காணலாமே, நேரிற் செல்வது எதற்கு?” என்று வினவுவோரும் உளர். படம் உதவுவதே, செல்லுமுன் ஒருமுறை பார்த்துச் செல்வது காட்சியைத் தெளிவாக்கும். ஆயினும், உள்ளங்கையளவு திரையில் உழைப்பாளர் சிலையும் ஒரு சிறு பொம்மையும் ஓரளவினவே. அச்சிலையின் அடியில் நின்று அண்ணாந்து நோக்கும்போதுதான் பாறையின் பளுவும் தன் உருவின் சிறுமையும் புலனாகும். நேரிற் சென்றபின்னும் காட்சிக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதிலேயே பொழுதைக் கழிப்பவன், வீட்டிலிருந்தவனிலும் மிகுதியாக எதனையும் பெற்றவனாகான்.

ஊர் திரும்பிய மாணவன் கண்டவற்றை நான்கு வரியேனும் எழுதி வைத்தல் வேண்டும். சென்னையைக் காணாத தோழனுக்கு வழியும் செலவும், காணத்தக்கனவும் தவிர்க்கத்தக்கனவும் மனமுவந்து கூறுதல் வேண்டும். தான் பெற்ற பயனைப் பிறரும் பெறுமாறு வழிகாட்டுதலே ஆற்றுப்படையின் உள்ளம். அங்ஙனம் கூறுபவன், கண்ட இடங்களின் எண்ணிக்கையைப் பெருமையாகப் பேசான். “நம் ஊர்போன்ற ஓர் ஊரின் மண்ணிலிருந்து கிடைத்த திருமேனியை எழும்பூரில் கண்டேன்; நீயும் சென்று அதன்முன் சிறிது நேரம் நில்” என்றே கூறுவான்.