வால் முளைச்ச காரும் பானெட்டைத் திறக்கிற உரிமையும்

போன வாரம் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே உட்வர்ட் அவென்யூன்னு ஒரு பெரிய ரோடு. 1995-லிருந்து வருஷா வருஷம் ஆகஸ்ட் மாசம் ஒரு சனிக்கிழமை, பழைய கார்களை எல்லாம் அந்த ரோட்டுல வரிசையா ஓட்டிக்கிட்டுப் போறாங்க. நம்ம ஊர்ல தேர் பார்க்கிற மாதிரி ஜனம் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்குது.

"மாமா, அந்த ரெண்டு கலர் வண்டியைப் பாருங்க. 1957 மாடல் செவர்லே பெல் ஏர். உங்களை விட மூத்தது"ன்னு கூடவே பேசி அனுப்பியிருந்தான்.

மூத்ததுதான். ஆனா என்னை விட நல்லா மினுமினுன்னு இருந்துச்சு. முன்னாடி வெள்ளிக் கொலுசு மாதிரி குரோமியம், பின்னாடி ரெண்டு பக்கமும் மீன் வால் மாதிரி தூக்கி நிற்கிற தகடு. நாலு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

எங்க பக்கம் பெரியவங்க யாரும் காருன்னு சொல்ல மாட்டாங்க, 'பிளஷர்'னுதான் சொல்வாங்க. மில் முதலாளி வீட்டு பிளஷர், பண்ணைக்காரர் வீட்டு பிளஷர். செவர்லே, பிளிமத், டாட்ஜ் எல்லாம் அந்தக் காலத்துல இங்கேயும் ஓடின வண்டிகள். செவர்லேயை ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாய் சிவ்ரியிலேயே பூட்டி வித்தாங்க. 1954-ல கடையைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. அதனால எனக்கு இந்த வண்டிகள் அந்நியம் இல்லை.

ஆனா அமெரிக்காக்காரங்க எதை நினைச்சு இப்படி ஏங்கறாங்கன்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். யோசிச்சதை இங்கே எழுதறேன்.

அந்த மீன் வாலுக்கு ஒரு கதை இருக்கு. ஜெனரல் மோட்டார்ஸ்ல வண்டிக்கு உருவம் கொடுத்தவர் ஹார்லி ஏர்ல். இரண்டாம் உலகப் போர்ல ஓடின பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து மயங்கி, 1948 கேடிலாக்ல சின்னதா ஒரு வால் வச்சாங்க. அது வருஷா வருஷம் வளர்ந்து, 1959 கேடிலாக்ல கோபுரம் மாதிரி நின்னுச்சு. அந்த வாலால வண்டிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லைங்க. பக்கத்து வீட்டுக்காரன் புது வண்டி வாங்கினா, உன் போன வருஷ வண்டி பழசாத் தெரியணும். அதுக்குத்தான் வால். வண்டி நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே அது மேல நமக்குச் சலிப்பு வர வைக்கிறதுதான் அங்கே வியாபாரம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த வண்டிகள்ல சீட் பெல்ட் கட்டாயம் இல்லை. 1968 மாடலிலிருந்துதான் அங்கே கட்டாயமாச்சு. அதுக்கு முன்னாடி 1965-ல ரால்ஃப் நேடர்னு ஒரு வக்கீல், வண்டிக் கம்பெனிகள் பாதுகாப்பைக் கண்டுக்கறதே இல்லைன்னு புத்தகம் எழுதிப் பெரிய சண்டை போட வேண்டியிருந்துச்சு. 1966-ல மட்டும் அந்த நாட்டு ரோடுகள்ல 50,000 பேருக்கு மேல செத்திருக்காங்க. பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்துச்சு, அந்தப் புகையைத்தான் குழந்தைகளும் சுவாசிச்சாங்க.

எல்லாருக்கும் அந்த ரோடு பொதுவாவும் இல்லை. கறுப்பின மக்கள் வெளியூர் போகணும்னா எந்த ஓட்டல்ல சோறு போடுவாங்க, எங்கே தங்க விடுவாங்கன்னு பார்த்துக்க 'பச்சைப் புத்தகம்'னு ஒரு கையேடு வச்சிருந்தாங்க. நியூயார்க்கைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936-லிருந்து போட்ட புத்தகம் அது. இரட்டைக் குவளை இருந்த ஊர்ல வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் 1956-ல ஐசனோவர் 41,000 மைலுக்குப் பெரிய ரோடு போடச் சட்டம் கொண்டுவந்தார். வண்டி வேகமாப் போச்சு. ஆனா சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரைக்கும் போன பழைய 66-ம் நம்பர் ரோட்டை நம்பி டீக்கடை, பெட்ரோல் பங்க், லாட்ஜ் வச்சிருந்த சின்ன ஊர்கள் படுத்துடுச்சு. நம்ம பக்கம் பைபாஸ் வந்ததும் பழைய ரோட்டு மெஸ்ஸுக்கு என்ன ஆச்சோ, அதேதான்.

அப்போ அந்த ஏக்கம் எல்லாம் வெறும் பொய்யா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரலை. வீடியோவுல ஒரு இடம் இருக்கு. எழுபது வயசு இருக்கும் ஒரு பெரியவர், ரோட்டோரம் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்து வச்சிருக்கார். பக்கத்துல பேரன் வயசுல ஒரு பையன். உள்ளே கையை விட்டு இது கார்ப்பரேட்டர், இது பிளக் வயர்னு தொட்டுத் தொட்டுக் காட்டறார். என்ஜினைச் சுத்திக் கை போக இடம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத எதுவும் உள்ளே இல்லை.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைச்சுது. ஏங்க வேண்டியது வாலுக்கு இல்லைங்க, இதுக்குத்தான். வாங்கினவன் திறந்து பார்த்துப் புரிஞ்சுக்கலாம், கெட்டுப்போனா தானே சரி பண்ணலாம்.

கியூபாவைப் பாருங்க. 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா வியாபாரத்தை நிறுத்திடுச்சு. புது வண்டி வரலை, ஸ்பேரும் வரலை. அந்தச் சனங்க அதே வால் வச்ச வண்டிகளை ரஷ்ய என்ஜின், டீசல் என்ஜின்னு கிடைச்சதைப் பூட்டி இன்னைக்கும் ஹவானாவுல டாக்சியா ஓட்டறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறதுக்குன்னு செஞ்ச வண்டி அறுபது வருஷத்துக்கு மேல ஓடுது. கம்பெனி அப்படி ஓடட்டும்னு நினைச்சு செய்யலை. ஆனா திறக்க முடிஞ்சதால ஓடுது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, எங்க வீட்டுல ஒரு பழைய டிராக்டர் இருக்கு. அப்பா செகண்ட் ஹாண்டுல வாங்கினது. நடு உழவுல நின்னுடுச்சுன்னா அப்பா இறங்கி டீசல் ஃபில்டரைக் கழட்டுவார், வாயால ஊதுவார், போல்ட்டைத் தளர்த்திக் காத்தை வெளியேத்துவார். பத்து நிமிஷத்துல மறுபடி ஏர் ஓடும். பன்னிரண்டு வயசுல ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே நான் அதைக் கத்துக்கிட்டேன்.

எங்க பங்காளி ஒருத்தர் கடன் வாங்கிப் புது டிராக்டர் எடுத்தார். நல்ல வண்டி, பொய் சொல்லக் கூடாது. புகை கம்மி, டீசல் மிச்சம். போன புரட்டாசியில நல்ல மழை. மானாவாரிச் சோளம் விதைக்க மண்ணு பதமா இருந்துச்சு. பாதிக் காடு ஓட்டினதும் டேஷ்போர்டுல ஒரு மஞ்ச விளக்கு. வண்டி இழுவை இல்லாமப் போயிடுச்சு. பானெட்டைத் திறந்தா ஒரே வயரும் பெட்டியும். எங்க ஊர் மெக்கானிக் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். "அண்ணா, இது கம்ப்யூட்டர் வச்சுத்தான் பார்க்கணும், என்கிட்ட அது இல்லை"ன்னுட்டார். ஆள் வர நாலு நாள் ஆச்சு. வந்து லேப்டாப்பைச் சொருகி, ஒரு சென்சாரை மாத்தி, அரை மணி நேரத்துல போயிட்டார். ஆனா மண்ணு அவருக்காகக் காத்திருக்குமா? அந்த நாலு நாள் வெயில்ல ஈரம் காஞ்சு போச்சு. மீதிப் பாதிக் காட்டை எங்க பழைய வண்டிதான் ஓட்டுச்சு, விதைச்சும் சரியா முளைக்கலை.

அமெரிக்க விவசாயிகளுக்கும் இதே பாடுதான். கம்பெனிக்காரன் சாஃப்ட்வேர் இல்லாமத் தன் டிராக்டரைத் தானே ரிப்பேர் பண்ண முடியலைன்னு வருஷக்கணக்காச் சண்டை போட்டாங்க. 2023-ல கொலராடோ மாநிலம் சட்டமே போட்டுச்சு. விவசாய எந்திரம் விக்கிற கம்பெனி, அதை ரிப்பேர் பண்ணத் தேவையான ஸ்பேர், டூல், சாஃப்ட்வேர், கையேடு எல்லாத்தையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தாகணும். 2024 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில இருக்கு.

என்னைக் கேட்டா, அந்தச் சட்டத்துக்குள்ளேதான் பழைய செவர்லே உயிரோட இருக்கு. குரோமியத்தைப் பளபளன்னு துடைக்கிறது அழகுதான், வேண்டாம்னு சொல்லலை. ஈயப் புகையும் சீட் பெல்ட் இல்லாத வண்டியும் திரும்ப வர வேண்டாம். புது என்ஜின் வரட்டும், புகை குறையட்டும். ஆனா பணம் கொடுத்து வாங்கினவனுக்கு அதோட சாவி மாதிரி, அதைத் திறந்து பார்க்கிற வழியும் சேர்த்துக் கொடுக்கணும். நம்ம ஊர்லேயும் அப்படி ஒரு சட்டம் வேணும்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு டிராக்டர் இருக்காது. உங்க போன் பேட்டரியை நீங்களே கழட்டி மாத்தின காலம் ஞாபகம் இருக்கா? ரெண்டும் ஒரே சங்கதிதான்.

எங்க பழைய டிராக்டரை வித்துடலாம்னு பையன் ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தான். பங்காளி காட்டை ஓட்டிக் கொடுத்த அன்னைக்கு ராத்திரி வந்து கேட்டான், "அப்பா, அந்த ஃபில்டர்ல காத்து எடுக்கிறது எப்படின்னு எனக்கும் சொல்லிக் குடுங்க." மறுநாள் காலையில பானெட்டைத் திறந்து வச்சு, ஸ்பேனரை அவன் கையில கொடுத்தேன்.