பேரியந்திரத்தின் மூச்சு

தமிழ் கற்பிப்பவனுக்கு மோட்டார் இயந்திரத்தில் யாது வேலை என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். வகுப்பறையின் பின்வாங்கிலே இலக்கணத்தினும் இயந்திரமே மிகுதியாகப் பேசப்படுவதை ஆசிரியர் எவரும் அறிவர். அப்பேச்சில் முதற்கண் எழும் வினா, “எத்தனை சீசீ?” என்பதே. பருமன் பெரிதாயின் வலுவும் பெரிது என்பது இளைஞர்தம் துணிபு. அத்துணிபு பாதியே உண்மை என்பது எமது கருத்து.

பந்தய வரலாற்றில் இதற்கு நல்ல சான்றொன்று உண்டு. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டில் 426 கன அங்குலப் பருமன், அஃதாவது ஏறத்தாழ ஏழு லீற்றர் கொண்ட எட்டுருளை இயந்திரத்தை ஓட்டக்களத்துக்குக் கொணர்ந்தனர். உருளையின் விட்டம் 4.25 அங்குலம், பிஸ்டன் எனப்படும் முசலம் மேலும் கீழும் செல்லும் தூரம் 3.75 அங்குலம். அவ்வாண்டு டேற்றோனா 500 மைல் ஓட்டத்தில் முதல் ஐந்து இடங்களையும் போட் வண்டிகளே கவர்ந்துகொண்டன. மறு ஆண்டு கிறைஸ்லர் நிறுவனத்தார் அதே விட்டமும் அதே தூரமும் உடைய இயந்திரத்தோடு மீண்டும் வந்தனர். முதல் மூன்று இடங்களும் அவர்தம் வண்டிகளுக்கே கிடைத்தன. றிச்சாட் பெற்றி வாகை சூடினார்.

பருமன் ஓர் அங்குலமும் கூடவில்லை. உடற்பகுதியை வலுப்படுத்தினர் எனினும், முதன்மையான மாற்றம் உருளைகளின் தலையிலேயே நிகழ்ந்தது. பழைய தலையில் தகன அறை ஆப்பு வடிவினது. வால்வுகள் ஒரே வரிசையில் நெருங்கி நின்றன. ‘ஹெமி’ எனப்பட்ட புதிய தலையில் அறை அரைக்கோள வடிவினது. வால்வுகள் எதிரெதிரே சாய்ந்து நின்றன. காற்று ஒரு புறத்தே புகுந்து மறு புறத்தே வெளியேறிற்று. உள்வால்வின் விட்டம் 2.08 அங்குலத்திலிருந்து 2.25 அங்குலமாயிற்று. இஃது அற்பமன்று, பரப்பளவில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெருக்கம்.

இயந்திரம் காற்றை உறிஞ்சுகிறது என்பது வழக்கு. உண்மையில் முசலம் கீழிறங்கி இடம் விடுகிறது. சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தலாகிய வளிமண்டல அமுக்கமே காற்றை உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலுங்கால் முசலம் ஒருமுறை கீழிறங்க விநாடியின் இருநூறில் ஒரு பங்கே கிடைக்கும். அந்த வேகத்தில் 426 கன அங்குல இயந்திரம் முழுதும் நிரம்ப வேண்டுமாயின் நிமிடத்துக்கு 740 கன அடிக் காற்று வேண்டும். ஓர் இறாத்தல் பெற்றோலை எரித்து நிறைந்த வலுப் பெறப் பன்னிரண்டு, பதின்மூன்று இறாத்தல் காற்று தேவை. பெற்றோலை ஊற்றுவது எளிது. காற்றைப் புகுத்துவதே அரிது.

காற்றுத்தான் வலு என்றறிந்தோர் மற்றொரு மயக்கத்தில் விழுகின்றனர். தலையைச் சோதனை மேசையிற் பூட்டி, மாறா அமுக்க வேறுபாட்டிற் காற்றைச் செலுத்தி, நிமிடத்துக்கு எத்தனை கன அடி செல்கின்றது என அளப்பது நன்முறையே. இங்கிலாந்தின் ஹரி வெஸ்லேக் இத்தகைய ஆய்வாலேயே 1948இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்கே இயந்திரத்தின் தலைக்குச் செம்மை தந்தார். ஆனால் இக்கால விற்பனையாளர் பலர், வால்வு முற்றத் திறந்த நிலையிற் கிடைக்கும் பேரெண் ஒன்றையே விளம்பரத்தில் பொறிக்கின்றனர். வால்வு அவ்வுச்சியைத் தொடுவது ஒரு கணமே; இடைப்பட்ட உயரங்களையோ ஏறுகையிலும் இறங்குகையிலும் இருமுறை கடக்கின்றது. அவ்விடங்களில் காற்று எங்ஙனம் செல்கிறது என்பதை எவர் கேட்கின்றனர்? மொத்தப் புள்ளியை மாத்திரம் நோக்கி மாணவனை மதிக்கும் எம்மனோர்க்கு இது புதிதன்று.

வழியை அளவிறந்து அகலமாக்கினால் காற்றின் வேகம் குன்றும். வேகங்குன்றிய காற்று, முசலம் மேலே திரும்பிய பின்னரும் தன் உந்தத்தால் உருளையை நிரப்பிக்கொண்டிருக்க மாட்டாது. செவ்றலே நிறுவனத்தின் பேரியந்திரங்களுக்கு நீள்வட்ட வழித்தலை, செவ்வக வழித்தலை என இருவகை வார்க்கப்பட்டன. பெரிதாகிய பின்னது உயர்சுழற்சிப் பந்தயத்துக்கு உகந்தது. தெருவில் ஓடும் வண்டிக்குச் சிறியதே சிறந்தது. பெரிதை வாங்கித் தெருவில் ஓட்டி இடர்ப்படுவோர் இன்றும் உளர்.

மூச்சுப் பெருகியதால் வந்த கேட்டையும் மறைத்தலாகாது. 1964ஆம் ஆண்டு டேற்றோனாவில் இரண்டாமவராக வந்த ஜிம்மி பாடியூ, அதே ஆண்டு செப்ரெம்பரில் சார்லட் களத்தில் ரயர்ச் சோதனையின்போது உயிர் நீத்தார். இயந்திரம் முந்திற்று, றப்பர் பிந்திற்று. மறு ஆண்டுக்கு நாஸ்கார் அமைப்பினர், பொதுவிற்பனையில் உள்ள இயந்திரங்களையே ஏற்போம் என விதித்து ஹெமியை விலக்கினர். கிறைஸ்லரும் அவ்வாண்டின் பெரும்பகுதி களத்தினின்று நீங்கிற்று. 1966இல் தெரு வண்டிகளிற் பொருத்தி விற்கப்பட்டதும் ஹெமி மீண்டது. விற்பனைக்கு வந்தமையால் அதன் வேகம் குறைந்ததோ? அவ்விதி எமக்கு உடன்பாடன்று.

1970 ஓகஸ்ற்றில் அவர்களே நேர்வழியைக் கண்டனர். காபுரேற்றரின் கீழே துளையிட்ட தகடொன்றை வைத்துப் பேரியந்திரங்களுக்குச் செல்லும் காற்றைக் குறைத்தனர். பருமனைத் தொடவில்லை, வலு அடங்கிற்று. ரயர் செய்வோர் வேகத்தை எட்டிப்பிடிக்கும் வரையிலேனும் அத்தகட்டை 1964இலேயே வைத்திருக்கலாகாதா?