அடுப்பு ஏறாத இனிப்பு



சமையல் குறிப்பு எழுதும் தகுதி எனக்கு இல்லை. குருமடத்தில் நாங்கள் பயின்ற பாடங்களில் பருப்பு வேகும் பக்குவம் இடம்பெறவில்லை. ஆயினும் இத்திங்கள் ஓர் இனிப்பின் செய்முறையை உங்கள்முன் வைக்கத் துணிகின்றேன். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

ஈராண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் திருநாள் விருந்து. பந்தியில் பால் பாயசம் பரிமாறப்பட்டது. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "வேண்டாம் சாமி, எனக்குப் பால் ஆகாது" என்றான். பிள்ளை கூச்சப்படுகிறான் என்று நான் எண்ணினேன். "திருநாளும் அதுவுமாய் ஒரு கரண்டிப் பாயசத்தால் என்ன ஆகிவிடும்? சாப்பிடு தம்பி" என்று நானே வாங்கி அவன் இலையில் ஊற்றினேன். பெரியவர் சொல்லைத் தட்டியறியாத பிள்ளை, உண்டுவிட்டான். சில நிமிடங்களுக்குள் அவன் உதடுகள் வீங்கின. உடலெங்கும் தடிப்புகள் எழும்பின. மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்ட பின்னரே அவனுக்கு மூச்சு சீரானது. அத்தாய் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

சென்ற ஆண்டுத் திருநாளில் அச்சிறுவன் பந்திக்கே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தான். "உள்ளே வா" என்று அழைக்க எனக்கு வாய் எழவில்லை.

பால் ஆகாமை இருவகைப்படும் என்பதைப் பின்னர் மருத்துவர் ஒருவரிடம் கேட்டறிந்தேன். பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவதும் கழிவதும் ஒருவகை. அது தொல்லையே அன்றி ஆபத்து அன்று. பாலிலுள்ள புரதத்தை உடல் பகையெனக் கருதி எதிர்ப்பது மற்றொரு வகை. இதில் அளவு என்ற கணக்கே செல்லாது. பால் தோய்ந்த கரண்டியைக் கழுவாமல் மற்றொன்றில் இட்டாலும் சிலருக்கு உயிருக்கே கேடு வரலாம். 'ஒரு கரண்டியால் என்ன ஆகிவிடும்' என்ற என் சொல் எத்துணை அறியாமை நிறைந்தது என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இவ்வாண்டுத் திருநாளுக்கு முன் பங்கின் தாய்மாரைக் கூட்டி, இதுபற்றிக் கலந்து பேசினேன். "தேங்காய்ப்பாலில் பாயசம் வைத்துவிடலாமே" என்றார் ஒருவர். நல்ல யோசனைதான். ஆனால் விருந்துச் சமையற்கட்டில் பாலும் நெய்யும் தொடாத அண்டா ஏது, கரண்டி ஏது? அவசர வேளையில் எந்த அகப்பை எந்தப் பாத்திரத்துக்குள் போயிற்று என்று யார் காவல் இருப்பது? "அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாக ஏதேனும் கொடுத்துவிடுவோம்" என்றார் இன்னொருவர். வேப்பமரத்தடியில் அவன் தனியாகத் தின்ற வாழைப்பழம் அப்போது என் நினைவுக்கு வந்தது. தனியாகக் கொடுப்பது வேண்டாம். அவன் உண்ணக்கூடியதையே எல்லாரும் உண்போம் என்றேன். அடுப்பங்கரைக்கு அப்பால், தனி மேசையில், புதுப் பாத்திரங்களில், நெருப்பே இல்லாமல் செய்யத்தக்க பழ இனிப்பு ஒன்றைத் தேடத் தொடங்கினோம்.

விடை மலையிலிருந்து வந்தது. தாண்டிக்குடிப் பக்கம் பிறந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்மணி ஒருவர், "சாமி, எங்கள் காப்பித் தோட்டத்து வெண்ணெய்ப் பழம் இருக்கிறதே" என்றார். பட்டர் புரூட் என்று கடைகளில் விற்கப்படும் பழந்தான் அது. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் பிறப்பிடம். கீழ்ப்பழனி மலைகளில் காப்பிச் செடிகளுக்கிடையே இன்று அது நன்கு வளர்கிறது. அங்குள்ள தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'டி.கே.டி. 1' என்ற நல்ல இரகத்தையே தந்துள்ளது. ஆடி, ஆவணித் திங்கள்களில் சந்தைக்கு மிகுதியாக வரும். பெரும்பாலான பழங்களில் கொழுப்பு என்பது பெயருக்கே இருக்கும். இதிலோ நூறு கிராம் சதையில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு உண்டு. பாலும் வெண்ணெயும் செய்கின்ற வேலையை இப்பழம் செய்வதன் இரகசியம் அதுவே.

இச்செய்தி பரவியதும் எங்கள் பங்கின் மூத்த பாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். "ஏன் சாமி, அடுப்பிலே ஏறாத பண்டத்தை விருந்து என்று சொல்லலாமா? அது நோயாளிச் சாப்பாடு அல்லவா?" என்று கேட்டார். அவர் சொல்லிலும் பொருள் உண்டு. நெருப்பு, உணவை மென்மையாக்கி, கிருமிகளைக் கொன்று, மனித குலத்தை வாழவைத்த பேருதவி. பச்சை உணவு ஒன்றே போதும் என்று சாதிப்பது நம் நோக்கமன்று. காந்தியடிகள் 1929ஆம் ஆண்டில் நெருப்புப் படாத உணவை உண்டு சோதித்து, அதுபற்றித் தம் 'யங் இந்தியா' இதழில் எழுதினார். உடல்நலம் குன்றியபோது சோதனையை நிறுத்திக்கொண்டு, அதையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் பாட்டி, இந்தப் பழத்தின் குணம் வேறு. இதை நெருப்பில் காய்ச்சினால் கசந்துபோகும். அரிசிக்கு அடுப்பு எப்படியோ, அப்படியே இதற்கு அடுப்பின்மை.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஆறு பேருக்கு உரிய அளவு இது.

நன்கு கனிந்த வெண்ணெய்ப் பழம் நடுத்தர அளவில் இரண்டு. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் பதினைந்து. இனிப்புச் சேராத கோக்கோத் தூள் நான்கு மேசைக்கரண்டி. தண்ணீர் கலவாத தேங்காய்ப்பால் அரைக் கோப்பை. எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. மேலே தூவ மாதுளை முத்துகள்.

பேரீச்சம்பழத்தைத் தண்ணீரில் மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு நீரை வடித்து, மிக்ஸியிலோ அம்மியிலோ வெண்ணெய்போல் அரைத்தெடுங்கள். பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை அகற்றி, சதையைக் கரண்டியால் வழித்து, உடனே எலுமிச்சைச் சாற்றைப் பிசறுங்கள். வெட்டிய சதை காற்றுப் பட்டால் கருக்கும். புளிப்பு அதைத் தாமதப்படுத்தும். இரண்டையும் சேர்த்து, கோக்கோ, உப்பு, மிளகு இட்டு, தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, கட்டியில்லாமல் மசித்துக் குழையுங்கள். கிண்ணங்களில் நிரப்பி இரண்டு மணி நேரம் குளிரூட்டிய பின் மாதுளை தூவிப் பரிமாறுங்கள். பச்சைத் தேங்காய்ப்பால் விரைவில் கெடும் ஆதலால் அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே உண்டுவிட வேண்டும்.

"இனிப்பில் உப்பும் மிளகுமா?" என்று நீங்கள் புருவம் உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. உப்பு, கோக்கோவின் கசப்பை அடக்கும். காரமோ புதுமையன்று. கோக்கோவை உலகுக்கு அளித்த மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் அதை மிளகாய் சேர்த்தே பருகினர். நாம் நம் மண்ணின் மிளகைச் சேர்க்கிறோம், அவ்வளவே.

எங்கள் முதல் முயற்சி தோற்றது என்பதையும் சொல்லவேண்டும். காயைப் பழமென்று நம்பி அறுத்துவிட்டோம். இரப்பரைப்போல் இழுத்தது, துவர்த்தது. வெண்ணெய்ப் பழம் மரத்தில் கனிவதில்லை. பறித்த பின்னரே கனியும். வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதத்தில் பொதிந்துவைத்தால் விரைவில் கனியும். காம்பருகே மெல்ல அழுத்தினால் இணங்கிக் கொடுக்க வேண்டும், அதுவே பக்குவம். திருநாளுக்கு ஐந்தாறு நாள் முன்னதாகவே காய்களை வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். 'டிரிங்கிங் சாக்லேட்' என்று விற்கும் தூளில் சர்க்கரையும் சிலவற்றில் பால் பொடியும் கலந்திருக்கும். உறையைப் படித்தறியாமல் வாங்காதீர்கள். கடைக் கோக்கோ, வறுத்த கொட்டையிலிருந்து வருவது. ஆகவே முற்றிலும் பச்சையாக உண்ண விரும்புவோர் அதை விடுத்து, கனிந்த வாழைப்பழமும் ஏலக்காயும் சேர்த்துக்கொள்ளலாம். இரப்பர் ஒவ்வாதவர்களில் சிலருக்கு வெண்ணெய்ப் பழமும் வாழைப்பழமும் ஒவ்வுவதில்லை. முந்திரியும் பலருக்கு ஆகாது என்பதால்தான் அதை மேலே தூவவில்லை. சீனி சேரவில்லையே என்று நீரிழிவுள்ளோர் ஏமாந்துவிடலாகாது. பேரீச்சம்பழத்தில் பெரும்பகுதி சர்க்கரையே.

பால், நெய், முட்டை, தேன் ஆகிய எதையும் சேர்க்காத உணவு முறைக்கு இன்று 'நனிசைவம்' என்று பெயரிட்டுள்ளனர். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டு டொனால்டு வாட்சனும் நண்பர்களும் 'வீகன்' என்ற சொல்லை ஆக்கி, அதற்கெனச் சங்கமும் நிறுவினர். அவர்கள் அதைக் கொள்கையாக ஏற்றவர்கள். எங்கள் சிறுவனுக்கோ அது கொள்கையன்று, உயிர்ப் பாதுகாப்பு. காரணம் எதுவாயினும் பந்தியில் அமர்வோர்க்கு வேண்டியது ஒன்றே: அவர்கள் 'வேண்டாம்' என்று சொன்னால் அதை நாம் நம்ப வேண்டும்.

கோக்கோவைப் பற்றி நம் திருச்சபையில் நடந்த பழைய வழக்கு ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில், நோன்பு நாளில் சாக்லேட் பானம் பருகினால் நோன்பு முறியுமா என்று கற்றோர் மன்றாடினர். அந்தோனியோ தெ லெயோன் பினேலோ என்பவர் 1636இல் மத்ரித் நகரில் இதற்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். கர்தினால் பிரான்செஸ்கோ மரியா பிரங்காச்சோ, 1664இல் உரோமையில் வெளிவந்த தம் நூலில், அது பானமாதலால் நோன்பை முறிக்காது என்று வாதிட்டார். எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று கேட்பதில் நாம் வல்லவர்கள். 'இதை உண்ண இயலாதவர் நம்மில் யார்?' என்று கேட்பதில்தான் பின்தங்கிவிடுகிறோம். ஐம்பது வயது கடந்த நானும் அதை ஒரு சிறுவனின் மூச்சிரைப்பில்தான் கற்றேன்.

இவ்வாண்டுத் திருநாளுக்கு முந்தைய மாலை, மறைக்கல்விப் பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்து நின்று பேரீச்சங்கொட்டைகளை நீக்கி ஊறவைத்தனர். மறுநாள் காலையில் பழத்தை மசித்தனர். நெருப்பில்லை ஆதலால் அஞ்சவேண்டியதில்லை. சிறு கைகளே எல்லாம் செய்தன. அச்சிறுவனும் வந்திருந்தான். முதலில் தாயின் முகத்தைப் பார்த்தான். அவர் ஒவ்வொரு பொட்டலத்தின் உறையையும் வாங்கிப் படித்துவிட்டு, தலையசைத்தார். நான் அவனிடம், "தம்பி, அன்றைக்கு உன் சொல்லை நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது" என்றேன். அவன் என்ன சொல்வதென்று தெரியாமல், "உப்புப் போட்டாச்சா சாமி?" என்று கேட்டான்.

விருந்தில் அவனே கிண்ணங்களை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். பாட்டி ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்து, சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பாயசத்துக்கு ஈடாகாது" என்று தீர்ப்பளித்துவிட்டு, இரண்டாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். பாயசமும் பந்தியில் இருந்தது. ஆனால் அவ்வாண்டு பந்தியை விட்டு எவரும் எழுந்து வெளியே போகவில்லை.

உங்கள் இல்லத்திலும் பங்கிலும் அடுத்த விருந்துக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது, முதல் வரியில் பொருளின் பெயரை எழுதாதீர்கள். வரவிருப்போரில் யாருக்கு எது ஆகாது என்று கேட்டு, அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அரிசிக்கும் பருப்புக்கும் வாருங்கள்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.