எதிர்க்காற்றில் ஏறத் தெரியவேண்டும்

கடலே இல்லாத பெங்களூரில் இருந்துகொண்டு கடல் விளையாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளே விடுமுறைக்கு ராமேசுவரம் போய்க் கைட் சர்ஃபிங் பழகி வருகிறார்கள். பெரிய காற்றாடி இழுக்க, பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு அது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகவும் நடந்தது. நானும் பழகுகிறவன்தான்.

பலகைமேல் எழுந்து நின்று நூறு அடி போய்விட்டால் பயிற்சி முடிந்ததென்று நம்மவர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தெரிந்தால்தான் கற்றதாகக் கணக்கு. அது தெரியாதவர் காற்று தள்ளிய இடத்தில் கரையேறி, ஈரக் காற்றாடியைச் சுமந்து மணலில் நடக்கிறார். பணம் கட்டிய நேரத்தில் பாதி அந்த நடையிலேயே போகிறது. காற்று கரையிலிருந்து கடல் நோக்கி வீசினால் நடக்கக்கூட வழியில்லை; ஆபத்து.

இன்னும் பெரிய காற்றாடி இருந்தால் ஏறிவிடலாம் என்பது பலருடைய எண்ணம். பலத்தைவிடப் பலகையின் விளிம்புதான் முக்கியம். பலகையைத் தட்டையாக வைத்தால் காற்றாடி இழுத்த பக்கமே போகும். குதிகாலை அழுத்தி விளிம்பை நீரில் பதிக்கவேண்டும். எடை பின்காலில், முன்கால் நீண்டிருக்கட்டும். இடுப்பை முன்னே தள்ளித் தோளைப் பின்னே சாய்க்கவேண்டும். நாற்காலியில் உட்காருவதுபோல் மடங்கினால் விளிம்பு பிடிக்காது. காற்றாடியை மேலும் கீழும் ஆட்டாமல் நடு உயரத்தில் நிறுத்துங்கள். பிடிகோலை மார்போடு இழுத்துக் கட்டிப்பிடிக்கவேண்டாம். கண் காற்றாடிமேல் இருக்கக்கூடாது; காற்று வரும் பக்கம் போகவேண்டிய இடத்தைப் பாருங்கள், தோளும் கூடவே திரும்பும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் ஏறாது. முதலில் குறுக்கே ஓடி வேகம் பிடித்து, பிறகே சிறிது சிறிதாக மேலே திருப்பவேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் வேகம் செத்துப் பலகை அமிழ்ந்துவிடும்.

இது வெளிநாட்டு வித்தை என்று ஒதுங்கவேண்டியதில்லை. பாக் நீரிணைப் பக்கத்துப் பாய் வத்தைகளில் காற்று வரும் பக்கமாக நீளப் பலகை ஒன்று வெளியே நீட்டியிருக்கும். காற்று வலுத்தால் ஆட்கள் அதன்மேல் நகர்ந்து உட்கார்ந்து, பாயின் இழுப்புக்கு எதிராக உடல் எடையைக் கொடுப்பார்கள். நாம் குதிகாலை ஊன்றிச் சாய்வதும் அதே கணக்குத்தான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்த மீனவர்களிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு நீரில் இறங்கினால் நல்லது என்பேன். நம் பிள்ளைகளோ கைபேசியில் காற்றின் வேகத்தைப் பார்ப்பதோடு சரி.

வாடைக் காற்றுக்கு டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று மட்டும் விசாரிக்கிறார்கள். எதிர்க்காற்றில் ஏற எந்த நாளில் சொல்லித் தருவீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டவேண்டாம்.