குறும்பும் மனச்சான்றும்

பிள்ளைகளின் குறும்பைக் கண்டிப்பதா, கண்டும் காணாதிருப்பதா என்று தடுமாறாத பெற்றோர் இலர். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டாம் சாயர்’ புதினம் இவ்வகையில் நமக்கு நல்லதொரு பாடம் தருகிறது. மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஹானிபல் என்னும் ஊரில் கழித்த தம் இளமையையே அவர் கதையாக வடித்தார்.

தாயை இழந்த டாம், பெரியம்மா பாலியிடம் வளர்கிறான். வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையைத் தந்திரமாய்த் தோழர் தலையில் கட்டுகிறான். ஒருமுறை, ஹக், ஜோ என்னும் இரு தோழருடன் ஆற்றிடைத் தீவுக்கு ஓடிவிடுகிறான். மூவரும் மூழ்கி மாண்டனர் என்று ஊர் நம்புகிறது. இரவில் மறைந்து வந்து பெரியம்மாவின் கண்ணீரைக் கண்டும் டாம் விளையாட்டைக் கைவிடவில்லை. தங்களுக்கான இறுதி வழிபாட்டின் நடுவிலேதான் மூவரும் கோவிலுக்குள் வந்து நிற்கின்றனர்! படிக்கும் நாம் நகைக்கிறோம். ஆயினும் அக்கண்ணீர் நம் நெஞ்சை உறுத்துகிறது அல்லவா?

அதே டாம் பின்னர் வளர்கிறான். தீவுக்கு ஓடுமுன்னரே, அவனும் ஹக்கும் நள்ளிரவில் இடுகாட்டில் ஒரு கொலையைக் கண்டிருந்தனர். கொலைஞனுக்கு அஞ்சி, எவரிடமும் சொல்வதில்லை என்று இரத்தத்தால் ஒப்பமிட்டு உறுதி பூண்டிருந்தனர். பழியோ மஃப் பாட்டர் என்ற குடிகாரன்மேல் விழுந்தது. சிறைச் சன்னல் வழியே அவனுக்குப் புகையிலை கொடுத்துத் தங்கள் மனத்தைத் தேற்ற முயன்றனர். அவன் கள்ளமின்றி நன்றி கூறினான். அந்நன்றியே அவர்களைச் சுட்டது. இறுதியில், கொலைஞன் எதிரில் அமர்ந்திருக்க, டாம் நீதிமன்றத்தில் உண்மையை உரைத்தான்.

ஹக்கோ குடிகாரத் தந்தையின் மகன், வீடற்றவன். அவனோடு சேரக்கூடாதென்று ஊர்த் தாய்மார் தம் பிள்ளைகளைத் தடுத்திருந்தனர். ஆயினும், டக்ளஸ் என்னும் கைம்பெண்ணுக்கு அக்கொலைஞன் தீங்கிழைக்கப் போவதை அறிந்து, இருளில் ஓடி உதவி தேடியவன் அவனே.

நாம் உணர வேண்டியது இதுவே. குறும்பு தன்னளவில் குற்றமன்று. தன் செயலாலோ மௌனத்தாலோ பிறர் வருந்துவதை உணரும் நாளில்தான் பிள்ளை வளரத் தொடங்குகிறது. ஆகவே, பிரம்பை எடுக்குமுன், “இதனால் யார் வருந்தினார்கள்?” என்று கேட்போம். அஞ்சாமல் உண்மை சொன்ன பிள்ளையை அடிக்காதிருப்போம். அடித்தால், அடுத்த முறை அது பொய்யையே நாடும். பிள்ளையின் தோழன் ஏழை, முரடன் என்று கதவடைக்குமுன், அவனை ஒருநாள் வீட்டிற்கு அழைத்து உணவிட்டுப் பேசிப் பார்ப்போம். அவனும் ஒரு ஹக்காக இருக்கலாம்.